தாய்ப்பத்திரம் கேட்கிறான்

பொங்கல் முடிந்த மறுவாரம். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனி. அம்பேத்கர் சிலைக்குப் பின்னால் இருக்கிற படிப்பகத்தில் கல்லூரி மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பஞ்சமி நிலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆயா ஒருத்தி வாசப்படியில் வந்து நின்றாள். கையில் மஞ்சப்பை. உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. படியிலேயே உட்கார்ந்து பையைக் கவிழ்த்தாள்.

"தம்பி, நீங்கல்லாம் படிச்ச புள்ளைங்க. இத்த கொஞ்சம் பாருங்க. ஊட்ட வாங்கிக்கிறேன்னு ஒருத்தன் வந்தான். தாய்ப்பத்திரம் எங்கங்கிறான். எனக்கு இன்னா தெரியும்? எங்காயி செத்து நாப்பது வருசம் ஆச்சு."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அந்தக் கிழவியின் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று.

பையில் இருந்தவை: தண்ணீர் பட்டு மசி கலைந்த ஒரு வீட்டுமனைப் பட்டா. பஞ்சாயத்தில் வீட்டு வரி கட்டிய ரசீதுகள், நடுவில் ஏழெட்டு வருடம் காணோம். கரண்டு அட்டை. புருசனின் இறப்புச் சான்று. பழைய ரேசன் கார்டு இரண்டு. மகளிர் குழுக் கடன் புத்தகம். யாரோ ஒரு வேட்பாளரின் நோட்டீஸ். நாற்பது வருடக் குடித்தனத்துக்கு அவளிடம் இருக்கிற எழுத்துச் சாட்சி மொத்தமும் இவ்வளவுதான். மருமகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருந்துகொள்ளலாம் என்பது அவள் கணக்கு. வந்தவன், பக்கத்து ஊரில் இதே அளவு மனை போகிற விலையில் பாதிகூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு "பத்திரம் இல்லாத ஊட்டுக்கு இன்னா வெல கெடைக்கும்?" என்றானாம்.

விற்கிறவன் என்னென்ன காகிதம் கொடுக்க வேண்டும்? பத்திர எழுத்தரைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். தாய்ப்பத்திரம், அதிலிருந்து இன்று வரை கைமாறிய கிரயப் பத்திரங்கள், பாகம் பிரித்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம், யாராவது விட்டுக்கொடுத்திருந்தால் விடுதலைப் பத்திரம், முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, புல வரைபடம், வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம், உடையவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், வாரிசில் மைனர் இருந்து அவன் பங்கையும் விற்பதானால் கோர்ட்டு அனுமதி. பேங்கில் அடமானம் வைத்து மீட்டிருந்தால் அதற்கான ரசீதுப் பத்திரம்.

இதற்குச் சட்டத்தில் வேர் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவைத் தோழர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனாலும் இன்று வரை வீடு விற்பதும் வாங்குவதும் அதன்மீதுதான் நிற்கிறது. சொத்திலோ உரிமையிலோ தனக்குத் தெரிந்த குறை, வாங்குகிறவன் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறை இருந்தால், விற்கிறவன் அதைச் சொல்லியாக வேண்டும். தன் கையிலோ அதிகாரத்திலோ இருக்கிற உரிமை ஆவணங்கள் எல்லாவற்றையும், கேட்டால் காட்டியாக வேண்டும். கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். விற்கிற நாள் வரைக்குமான வரி பாக்கியைத் தீர்க்க வேண்டும். முழுப் பணமும் வந்த பிறகு ஆவணங்களை வாங்கினவனிடம் ஒப்படைக்க வேண்டும். நியாயமான விதிகள்தான், வாங்குகிறவன் ஏமாறாமல் இருக்க எழுதப்பட்டவை. எனக்கு அதில் சண்டையில்லை.

என் சண்டை வேறு இடத்தில். "கையில் இருக்கிற ஆவணம்" என்கிறது சட்டம். யார் கையில் என்ன இருந்தது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைச் சரித்திரத்திடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

செங்கல்பட்டு ஜில்லா மிராசு பூமி. சேரி இருந்த மண்ணையும் மிராசுதார் தன்னுடையது என்றான். ஆண்டையிடம் முறைத்துக்கொண்டவன் கூலியை மட்டும் இழக்கவில்லை, குடிசை நிற்கிற நாலு சதுர கஜத்தையும் இழந்தான். கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை வீட்டுமனையைப் பற்றியும் பேசியது. மனை மிராசுதாரின் பிடியில் இருக்கிற வரை இந்த மக்கள் நிமிர முடியாது என்பது ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குப் புரிந்திருந்தது. அடுத்த வருடம், 1892இல், பஞ்சமி நில அரசாணை வந்தது. 1920களில் லேபர் கமிஷனர் ஆபீசு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தபோது, அதன் விலையை நம் தாத்தன்மாரிடமே தவணை போட்டு வசூலித்தார்கள். கீழ்த்தஞ்சையில் குடியிருக்கிற மனையைச் சொந்தமாக்கும் சட்டம் வருவதற்கு 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால், 1968 டிசம்பர் 25 அன்று, வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள்.

இதெல்லாம் நடக்கிறபோது கணக்கு எழுதிக்கொண்டிருந்தது யார்? கர்ணம். பரம்பரைக் கர்ணம், பரம்பரை மணியம். ஊர்த்தெருவில் எவன் வீட்டுச் சுவர் எந்தத் தென்னைமரம் வரைக்கும் என்று அவருக்குத் தெரியும், எழுதியும் வைத்தார். சேரிக்கு? "சேரி நத்தம்" என்று ஒரே சர்வே எண், அவ்வளவுதான். அம்பது குடும்பமோ நூறு குடும்பமோ, எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கம். 1980 நவம்பரில்தான் பரம்பரை கிராம அதிகாரிப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அதன் பிறகு பரீட்சை எழுதி வந்த வி.ஏ.ஓ.க்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது அதே பழைய கணக்குப் புத்தகம்.

இப்போது கேட்கிறான், தாய்ப்பத்திரம் எங்கே என்று.

ஊர்த்தெருக்காரனுக்குத் தாய்ப்பத்திரம் என்பது அவன் பாட்டன் யாரிடமோ காசு கொடுத்து வாங்கின கிரயப் பத்திரம். நமக்கு அது தாசில்தார் கையெழுத்துப் போட்ட ஒற்றைத்தாள், ஒப்படைப் பட்டா. கோர்ட்டு திரும்பத் திரும்பச் சொல்கிறது: பட்டா என்பது வரி வசூலுக்கான வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டுமே உரிமை ஆவணம் ஆகாது என்று. கிரயப் பத்திரம் வைத்திருக்கிறவனுக்கு இது சரி. அரசே நிலத்தைக் கையகப்படுத்தி அரசே ஒப்படை செய்த மனைக்கு அந்த ஒப்படை உத்தரவுதான் மூலம், அதற்கு மேலே தாயும் இல்லை பாட்டியும் இல்லை. ஆயாவிடம் பேரம் பேசினவனுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்டான். இல்லாத காகிதத்தைக் கேட்பது விலையைக் குறைக்க நல்ல வழி.

நத்தத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு செய்தி. கிராம நத்தம் அரசுப் புறம்போக்கு அல்ல, அதில் வீடு கட்டிக் குடியிருக்கிறவருக்கே உரியது என்று சென்னை உயர்நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆகவே நத்தம் வீட்டுக்கு, குடியிருப்புதான் உரிமையின் அடித்தளம். அந்தக் குடியிருப்பை நிரூபிப்பது எது? வீட்டு வரி ரசீது. கரண்டு கட்டிய ரசீது. நத்தம் பட்டா. நாம் அடுப்புப் பற்றவைக்க எடுக்கிற காகிதங்கள்தான் இவை. ஆயாவின் பையில் காணாமல் போன ஏழெட்டு வருடத்து ரசீதுகள் எங்கே போயின என்று கேட்டேன். "மழைக்கு ஒழுகிச்சி, கூரைல சொருகி வெச்சிருந்தேன்" என்றாள்.

ஒப்படைப் பட்டாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அங்கேதான் நிபந்தனைகள் இருக்கின்றன. வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கக் கூடாது, மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். எத்தனை ஆண்டு என்பது எந்த உத்தரவில், எந்தத் திட்டத்தில் கொடுத்தது என்பதைப் பொறுத்தது, அவரவர் தாளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் படிக்காமல், கெடு முடியுமுன்பே, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி கைநாட்டு வைத்து விற்றவர்கள் ஏராளம். வாங்கினவர்களும் நம் ஆட்களே. நூறு ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள அசையாச் சொத்து விற்பனை பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதியாத தாள் உரிமைக்குச் சாட்சியம் ஆகாது. பவர் எழுதிக் கொடுத்து விற்பதும் விற்பனை ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் கறாராகச் சொல்லிவிட்டது. ஆக வாங்கினவள் காசு கொடுத்தாள், வீட்டுக்குள் இருக்கிறாள், கணக்கில் அவள் இல்லை. விற்றவன் செத்தால் அவன் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் இதே கதைதான் அடுக்குமாடியில் நடக்கிறது. வாரியத்தின் ஒதுக்கீட்டு ஆணைதான் கையில், கிரயப் பத்திரம் வருகிறவரை அது விற்கிற பொருளே அல்ல. ஆனால் விற்கிறார்கள், வாங்குகிறார்கள். வேறு எங்கே போவார்கள்?

இன்னொன்று உண்டு, சொல்லவே கூசுகிற விஷயம். பட்டா கொடுத்தார்கள், நிலத்தை அளந்து காட்டவில்லை. காலனியில் கேட்டுப்பாருங்கள், எந்தத் தாலுக்காவிலும் இந்தப் புகார் இல்லாமல் இருக்காது. மேடை போட்டு, மந்திரி வந்து, போட்டோ எடுத்து, பட்டா கொடுத்தாயிற்று. கிராமக் கணக்கில் ஏற்றவில்லை, உட்பிரிவு செய்யவில்லை. இன்று கம்ப்யூட்டரில் சர்வே எண்ணைத் தட்டினால் பழைய நிலக்காரன் பெயரோ அரசு என்றோ வருகிறது. ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே போட்டார்கள். நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1994இல் உச்சநீதிமன்றம், நட்ட ஈட்டைத் தவணையில் கொடுக்கும் பகுதி நீங்கலாக, அந்தச் சட்டம் செல்லும் என்றது. அதன் பிறகும், நோட்டீசு சரியாகக் கொடுக்கவில்லை, விசாரணை சரியாக நடத்தவில்லை என்று ஒவ்வொரு கையகப்படுத்தலாக வழக்குப் போட்டு உடைத்தார்கள். நோட்டீசு கொடுக்க வேண்டியது அதிகாரி. அவன் செய்த தப்புக்குப் பட்டா செல்லாமல் போனது நமக்கு.

காகிதம் தொலைவதும் தானாக நடப்பதில்லை. 1995 ஆகஸ்டு 31, கொடியங்குளம். போலீசு உள்ளே புகுந்து வீடுகளை நொறுக்கியபோது பள்ளிச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் கொளுத்தப்பட்டன என்று அந்த மக்கள் சொன்னார்கள். 2012 நவம்பர் 7, தர்மபுரி மாவட்டம். நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரே மாலையில் மூன்று குடியிருப்புகள் எரிந்தன. டி.வி.யும் பீரோவும் போனதைப் பத்திரிகைகள் எழுதின. பீரோவுக்குள் என்ன இருந்தது என்பதை யோசித்துப்பாருங்கள். சாதிவெறியனுக்குத் தெரியும், எதை எரித்தால் நாம் பத்து வருடம் பின்னால் போவோம் என்று.

இந்த இடத்தில் 2022இல் தமிழ்நாட்டில் வந்த 55ஏ பதிவு விதியைப் பார்க்க வேண்டும். சொத்தை விற்கிறவன் தன் மூல ஆவணத்தை அசலாகக் காட்டினால்தான் பதிவு. தொலைந்துவிட்டதா? போலீசு ஸ்டேசனில் புகார் கொடுத்து, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சான்று வாங்கி வா, பத்திரிகையில் விளம்பரம் போடு. போலி ஆவணத்தைத் தடுக்கத்தான் இந்த விதி என்றார்கள், அது உண்மையும்கூட. ஆனால் எங்கள் வீட்டை எரிக்கிறபோது வேடிக்கை பார்த்த ஸ்டேசனில் போய், எங்கள் பத்திரம் காணவில்லை என்று எழுதி வாங்கு என்பது எந்த ஊர் நியாயம்? 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்த விதியின் முக்கியமான பகுதியைச் செல்லாது என்றது. விற்கிறவனுக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலையல்ல, மூலச் சட்டத்தில் இல்லாத அதிகாரத்தை விதி போட்டுக் கொண்டுவர முடியாது என்பது காரணம். அதே மாதமே, அசல் ஆவணம் கேட்பதைச் சட்டத்திலேயே எழுதுகிற திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. பத்திரிகைகளில் வந்ததெல்லாம் ரியல் எஸ்டேட்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது. எரிந்துபோன காலனிக்காரனை யாரும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு தோழர், நல்ல தோழர், இதையெல்லாம் சொன்னபோது கோபப்பட்டார். "காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் எதுக்குச் செத்தாங்க? நெலத்த மீட்கத்தானே? நாம மீட்கப் போராடுறோம், நீங்க விக்கறதுக்கு வழி சொல்லித் தர்றீங்க. நாளைக்கு காலனி பூரா வித்துட்டுப் போயிடுவான்."

அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். 1994 அக்டோபர் 10 துப்பாக்கிச் சூட்டை மறந்துவிட்டு இந்த மாவட்டத்தில் யாரும் நிலத்தைப் பற்றிப் பேச முடியாது. பஞ்சமி நிலத்துக்கு 1892இல் வைத்த நிபந்தனை, முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம் என்பது. அது இருந்தே ஆக வேண்டும், இன்னும் இறுக்கப்பட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் வயல் வேறு, வீடு வேறு. வயலுக்குப் போட்ட வேலி ஒரு சமூகத்தின் சொத்தைக் காக்கிறது. வீட்டுக்குக் காலமெல்லாம் போடுகிற வேலி, ஒரு கிழவியை அந்த நாலு சுவருக்குள் கட்டிப்போடுகிறது. ஊர்த்தெருக்காரன் வீட்டை விற்றுவிட்டு மெட்ராஸ் போனான், பெங்களூர் போனான், பிள்ளையைப் படிக்க வைத்தான். நம் ஆள் மட்டும் காலனியிலேயே கிடக்க வேண்டும், அதுதான் இயக்கத்துக்கு விசுவாசம் என்றால் எப்படி? விற்கிற உரிமை இல்லாத உடைமை அரை உடைமைதான். கெடு முடிந்த வீட்டுமனைக்கு, நிபந்தனை முடிந்தது என்று தாசில்தார் தானாகவே எழுதிக் கொடுக்கிற ஏற்பாடு வேண்டும். நாம் கேட்க வேண்டியது அதை.

அதோடு, வேலி இருந்தும் வயல் எப்படிப் போயிற்று? காகிதத்தின் வழியாகத்தான் போயிற்று. பஞ்சமி நிலத்தை மனை போட்டு விற்கிறவன் எல்லா ஆவணமும் கொடுக்கிறான், கவனியுங்கள். கிரயப் பத்திரம் நாலு, முப்பது வருட வில்லங்கச் சான்று, கம்ப்யூட்டர் பட்டா. எல்லாம் சுத்தம். வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனை மட்டும்தான் வரும், இது டி.சி. நிலம் என்பது அதில் வராது. பெரிய வில்லங்கம் எதுவோ அது வில்லங்கச் சான்றில் இல்லை! 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பல இடங்களில் பெயர்கள் மாறிப்போயின. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் கால 'அ' பதிவேட்டில்தான் உண்மை தூங்குகிறது. மனை வாங்கப் போகிற நம் வாத்தியார்களும் பேங்க் ஊழியர்களும் அந்தப் பழைய 'அ' பதிவேட்டு நகலைக் கேளுங்கள். விற்கிறவன் முகம் மாறும். 55ஆம் பிரிவின்படி அவன் சொல்லியிருக்க வேண்டிய குறை அது. நம் பாட்டனிடமிருந்து பிடுங்கிய நிலத்தில் நாமே லோன் போட்டு மனை வாங்குகிற கூத்தும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் விற்கிறவன் காட்ட வேண்டிய ஆவணங்களுக்குத்தான் பட்டியல். நடப்பில் வாங்குகிறவனிடமும் ஒன்று கேட்கப்படுகிறது. "நீங்க எந்த ஊருப் பக்கம்? எந்தத் தெரு? உங்க ஆளுங்க யாரு இங்க?" இந்த மூன்று கேள்வியும் ஒரே கேள்விதான். என் நண்பர், அரசு ஊழியர், கையில் பணத்தோடும் வங்கிக் கடன் உத்தரவோடும் ஒரு சின்ன டவுனில் பழைய வீடு ஒன்றைப் பார்க்கப் போனார். வீட்டுக்காரர் எல்லாப் பத்திரத்தையும் விரித்துக் காட்டினார், காப்பி கொடுத்தார். இரண்டாவது முறை போனபோது, "பொண்ணு விக்க வேணாங்குது சார்" என்றார். அடுத்த மாதமே வேறொருவருக்குப் பதிவாயிற்று. 1917இல் பரோடாவில், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வேலையில் சேரப்போன அம்பேத்கருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. நூறு வருடம் கழித்து அறை என்பது வீடாக மாறியிருக்கிறது, பதில் கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப்படுகிறது. இதன் மறுபக்கம்தான் ஆயாவின் வீட்டு விலை. ஊர்த்தெருவில் வாங்க நம்மை விடமாட்டான், காலனியில் வாங்க அவன் வரமாட்டான். வாங்குகிறவர்கள் காலனிக்குள்ளேயே இருக்கிற ஏழைகளும், எதிர்காலத்தில் ரோடு வரும் என்று மோப்பம் பிடிக்கிற புரோக்கர்களும்தான். அப்புறம் விலை எப்படி ஏறும்? பத்திரம் முழுசாக இருந்தாலும் இந்த இறக்கத்தை எந்தச் சார்பதிவாளரும் சரிசெய்ய முடியாது. அதையும் ஒப்புக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனாலும் சரிசெய்ய முடிந்த பாதி நம் கையில் இருக்கிறது. ஊர்வலம் போகத் தெரிந்த நமக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியில் பாய் விரித்து உட்கார்ந்து மஞ்சப்பைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்களே, மேடையில் பேசப் போட்டி போடுகிறீர்கள், இதற்கு வாருங்கள். பட்டாவின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படித்துச் சொல்லுங்கள். கணக்கில் ஏறாத பட்டாக்களைத் தனியே பிரித்து மொத்தமாக தாசில்தாரிடம் கொடுங்கள், பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்படைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். செத்தவர் பெயரில் கிடக்கிற வீட்டுக்கு வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்றுங்கள். பெண் பிள்ளைகள் பங்கை மறைத்து எழுதாதீர்கள். 1989இலேயே தமிழ்நாட்டுச் சட்டம் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்றது, அன்றைக்குக் கல்யாணம் ஆகியிருந்தவர்களை விட்டுவிட்டது, 2005இல் மத்தியச் சட்டம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. பார்ப்பானின் சாத்திரத்தைத் திட்டிவிட்டு அக்காள் தங்கச்சியிடம் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குகிறவனும் நம்மிடையே இருக்கிறான். விற்கிற நாளில் அந்த மறைப்பு வெளியே வந்து கிரயத்தை உடைக்கும்.

அப்புறம் அசலை யாரிடமும் கொடுக்காதே என்று சொல்லுங்கள். இதை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், எனக்கே அது கடைசியில்தான் தெரிந்தது.

ஆயாவின் பட்டாவை மூன்றாம் முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான், அது அசல் இல்லை, கலர் ஜெராக்ஸ் என்று ஒரு மாணவன் கண்டுபிடித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தால் வழவழ என்று இருக்கிறது.

"ஒரிஜினல் எங்க ஆயா?"

"அதான் தம்பி, அவரு ஊட்டுக்காரு நோவுக்கு வாங்கின துட்டுக்கு அவர்கிட்ட இருக்குது."

"எவர்கிட்ட?"

"வட்டிக்கு உடுறவருதான். வட்டி கட்டிக்கினுதான் இருக்கேன்."

"ஊட்ட வாங்கிக்கிறேன்னு வந்தது யாரு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அவரு மச்சான்" என்றாள்.

பத்திரம் எங்கே என்று கேட்டவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஒப்படைப் பதிவேட்டின் நகல் கேட்டு ஆயாவின் கைநாட்டோடு மனு போட்டிருக்கிறோம். பதிவேடு பழசு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. வட்டிக்காரனிடம் போய் அசலைக் கேட்டோம், அசலும் வட்டியும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போ என்று ஒரு தொகை சொன்னான். வாங்கினது எவ்வளவு, கட்டினது எவ்வளவு என்று அவன் நோட்டைக் காட்டச் சொன்னதற்கு, அதெல்லாம் எழுதி வைக்கிற வழக்கம் இல்லை என்றான்.